வெயில் வேறு, வெளிச்சம் வேறு

எனக்கு ஏழு வயதில் அம்மை கண்டது. அது இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளன்று, அம்மா விடிந்ததுமே பித்தளை அண்டாவில் நீர் நிரப்பி, இரண்டு கைப்பிடி வேப்பிலையும் கொஞ்சம் மஞ்சளும் போட்டு, பூவரச மரத்து நிழல் எட்டாத இடமாகப் பார்த்து வாசலில் வைத்தாள். அடுப்பில் சுடவைத்த நீர் அம்மைக்கு ஆகாது, வெயிலில் காய்ந்த நீர்தான் ஊற்ற வேண்டும். நிழல் நகர நகர அண்டாவையும் இரண்டு முறை நகர்த்தினாள். பதினோரு மணிக்குக் கையை விட்டுப் பார்த்து, "வாடா, பதமா இருக்குது" என்றாள்.

2013-ல், ஐம்பதைத் தொடும் வயதில், சோலார் மாட்டுகிறவர்களுக்கான பத்து நாள் பயிற்சி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் என் மகன் வயதுப் பையன்கள். வாத்தியார் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'சூடு', அந்தப் பக்கம் 'வெளிச்சம்' என்று எழுதினார். "இந்தக் கோடு புரிஞ்சுட்டா பாதிப் பாடம் முடிஞ்சுது" என்றார். சூட்டுப் பக்கத்துப் பாடம் எனக்கு அந்த அண்டாவிலேயே முடிந்திருந்தது. வெளிச்சத்துப் பக்கம்தான் புதிது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் 36 வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஃபர்னஸ் அனலில் நின்று வேலை செய்தவனுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை என்று நினைப்பார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சோறு போட்டது வெயில்தான். கரண்டுக்கு வந்த முதல் ஆள் நான்.

அப்பா அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் இருந்தார். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய அந்த அளங்களுக்கு வயது அதிகம். 1805-ல் கம்பெனி ஆட்சி சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைந்த உப்பைச் சர்க்காரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம். அப்பா வேலைக்குப் போன காலத்தில் அதெல்லாம் பழங்கதை ஆகிவிட்டது. ஆனாலும், "வெயிலுக்கு வரி போட்டவன் வெள்ளைக்காரன்" என்று அவர் சொல்வதுண்டு.

உப்பளத்தைப் போல வெயிலை அளந்து பயன்படுத்திய தொழில் வேறு உண்டா என்று தெரியவில்லை. கடல்நீர் உள்ளே வரும்போது மூன்று டிகிரி இருக்கும். இது சூட்டின் டிகிரி இல்லை. நீரில் உப்பு எவ்வளவு கனத்திருக்கிறது என்பதற்கான போமே அளவு. ஒரு கண்ணாடிக் கருவியை நீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள், அது எவ்வளவு மேலே தூக்கி நிற்கிறதோ அவ்வளவு டிகிரி. பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றிக்கொண்டே போனால் வெயிலும் காற்றும் அதை இறுக்கிக்கொண்டே வரும். பதினைந்து டிகிரி வாக்கில் ஜிப்சம் அடியில் படியும். இருபத்தைந்தில் உப்பு பூக்கத் தொடங்கும். இருபத்தொன்பது, முப்பதுக்கு மேல் விட்டால் மெக்னீசியம் கலந்து கசக்கும், அதற்குள் மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். அப்பாவுக்குக் கருவி தேவைப்படவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்து, "இருபத்திமூணு, நாளன்னிக்குப் பூக்கும்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். பாத்தி ஆழம் ஒரு சாணுக்கும் கீழே. ஆழம் குறைந்தால் சீக்கிரம் காயும், பரப்பு அகன்றால் இன்னும் சீக்கிரம் காயும். பிற்காலத்தில் சோலார் வாட்டர் ஹீட்டரின் தட்டைப் பிரித்துப் பார்த்தபோது, நீரை மெல்லிய குழாய்களாகப் பிரித்து அகலமாகப் பரப்பியிருந்தார்கள். அளத்துக்காரன் கணக்குதான்.

அம்மா வழியில் பொன்னேரிப் பக்கம் ரைஸ்மில் களம். செங்குன்றத்திலும் பொன்னேரியிலும் அரிசி ஆலைகள் பெருகிய காலத்தில் ஒவ்வொரு ஆலைக்கும் பின்னால் ஒரு சிமெண்ட் களம் கிடக்கும். அவித்த நெல்லை அதில் பரப்பி, காலாலேயே சால் பிடித்துக் கிளறுவார்கள். மேல்நெல் மட்டும் காய்ந்தால் அரைக்கும்போது அரிசி நொறுங்கிவிடும். ஒரே சீராகக் காயவேண்டும். கொஞ்ச நேரம் குவித்து வைத்து ஆறவிட்டு மறுபடி பரப்ப வேண்டும். மத்தியானக் களத்தில் வெறுங்காலுடன் நடந்த அந்தப் பெண்களின் பாதங்களை நான் பார்த்திருக்கிறேன். உமியை எரித்து ஓடும் டிரையர்கள் வந்ததும் களங்கள் லாரி நிறுத்துமிடங்கள் ஆயின. இதை ஒரு இழப்பாக எழுதச் சிலர் ஆசைப்படுவார்கள். களத்தில் வேலை செய்த என் சித்தி அப்படி நினைக்கவில்லை.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் இருப்பதால் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. அவர்கள் வெயிலை 'எண்ட' என்பார்கள், கருவாட்டை 'எண்டு சேப்பலு' என்பார்கள். வெயிலும் உலர்வதும் அங்கே ஒரே வேர். நமக்கும் அப்படித்தானே: வெயில் காய்கிறது, துணி காய்கிறது, எண்ணெய் காய்கிறது, காய்ச்சல் வந்தால் உடம்பும் காய்கிறது. பழவேற்காட்டு மணலில் மீன் காய்கிறது. இந்த ஒரு சொல்லுக்குள் சூட்டுப் பக்கத்துப் பாடம் முழுவதும் அடக்கம். அதனால்தான் சோலார் என்ற பெயரில் ஒரு பெட்டி முதன்முதலில் வந்தபோது எங்கள் ஆட்கள் ஆச்சரியப்படவில்லை.

அந்தப் பெட்டி சோலார் குக்கர். தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை 1985-ல் அமைந்தது. அந்தப் பத்தாண்டில் நாடு முழுக்க மானிய விலையில் இந்தக் குக்கர் வந்தது. உள்ளே கறுப்புத் தகடு, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் ஒரு நிலைக்கண்ணாடி, நான்கு கறுப்பு டப்பாக்கள். ஸ்விட்சர்லாந்தில் சொசூர் என்பவர் 1767-லேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலைப் பிடித்து இந்த வித்தையைச் செய்து பார்த்துவிட்டார். இந்தியாவிலும் இது புதிதில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிகளை அடுக்கி ஓர் அடுப்பு செய்து, ஜனவரி மாதத்தில் ஏழு சிப்பாய்களுக்கான கறியையும் காயையும் இரண்டு மணி நேரத்தில் வேகவைத்துக் காட்டினார். வெயிலால் நீராவி இயந்திரமும் ஓட்டினார். வெப்ப நாடுகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் மாற்று வெயில்தான் என்று 1878-ல் புத்தகமும் போட்டார். கோர்ட் வேலைக்கு நடுவே இதைச் செய்த அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

எங்கள் வீட்டுக் குக்கர் ஒரு வருஷம் மாடியில் இருந்தது. பருப்பு நன்றாக வெந்தது, சோறும் பரவாயில்லை. பிரச்சினை மணிதான். நான் ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும், பிள்ளைகள் ஏழரைக்கு. குக்கரில் சோறு வேகும்போது பகல் ஒன்று. "உங்க சூரியனுக்கு என் சமையல் நேரம் தெரியல" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு அப்பெட்டியில் வடகம் வைத்தாள், மிளகாய் வைத்தாள், கடைசியில் பழைய பேப்பர் வைத்தாள். வெயிலில் சமைப்பது தோற்றதற்கு அறியாமையைக் காரணம் சொல்லும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் காலை ஐந்து மணிக்கு டப்பா கட்டிப் பழகியவர்களாகத் தோன்றவில்லை.

வாட்டர் ஹீட்டர் கதை வேறு. 2002-ல் புதிய கட்டடங்களில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்கச் சொல்லித் தமிழக அரசு விதி கொண்டுவந்தது. இரண்டு வருஷம் கழித்து, கவரைப்பேட்டையில் ஒரு அதிகாரி வீட்டு மாடியில் ஒன்றை மாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். தட்டு, தொட்டி, குழாய்கள் எல்லாம் இறங்கின. நான் பெட்டிகளைக் கிளறிக்கிளறிப் பார்த்துவிட்டு, "சார், பம்ப் வரல" என்றேன். இதற்குப் பம்ப் கிடையாது. சூடான நீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும், அந்தச் சுற்று தானாக ஓடும். அதற்காகத்தான் தொட்டி தட்டைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நான் குழாயை அழகுக்காக ஒரு இடத்தில் மேலே வளைத்து மறுபடி கீழே இறக்கிவிட்டேன். அந்த வளைவில் காற்று அடைத்துக்கொண்டது. மூன்று நாள் தட்டு கொதித்தது, தொட்டி குளிர்ந்தே கிடந்தது. 440 வோல்ட் மோட்டார்களை மேய்த்தவன் ஒரு அண்டாத் தண்ணீரிடம் தோற்றேன்.

அதைச் சரிசெய்த பின்னும் அந்த ஹீட்டர் நாலாம் வருஷம் நின்றது. இம்முறை காரணம் நிலத்தடியில் இருந்தது. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து 1960-களின் பிற்பகுதி முதலே சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைத்தார்கள். விவசாயத்துக்கான போர்வெல்களும் சேர்ந்துகொண்டன. நல்ல நீர் இறங்க இறங்க, கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. இன்று மீஞ்சூர்ப் பக்கத்தில் பல போர்வெல்களில் உப்புத்தண்ணீர். கவரைப்பேட்டை நீர் அந்த அளவு மோசமில்லை, ஆனால் கடினம். அந்த நீரைச் சூடாக்கினால் குழாயின் உட்சுவரில் வெள்ளைப் பொருக்கு கட்டும். பிரித்தபோது அரை அங்குலக் குழாயில் ஒரு பென்சில் நுழையும் துளை மிச்சம் இருந்தது. வெயில் பட்டால் நீரிலிருந்து ஒன்று படிகிறது. அப்பாவின் பாத்தியில் அதற்குக் கூலி கொடுத்தார்கள், இங்கே அதற்குச் செலவு ஆகிறது. வருஷத்துக்கு ஒருமுறை குழாயைக் கழுவச் சொல்லி யாரும் அந்த வீட்டில் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

இனி வெளிச்சப் பக்கத்துப் பாடம்.

வெளிச்சத்திலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் சிலிக்கான் செல்லை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954-ல் காட்டியது. விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் அது மின்சாரமாக்கியது. இந்தியாவில் சாகிபாபாத்தில் உள்ள சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் முதல் செல்லையும் மறு வருஷம் முதல் பேனலையும் செய்தது. எங்கள் மாவட்டத்துக்கு அதெல்லாம் எட்டாத சேதி. எங்களைச் சுற்றி நிலக்கரி. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் வந்தது. வல்லூரில் 1500 மெகாவாட் 2012 முதல் ஒவ்வொரு யூனிட்டாக வந்து சேர்ந்தது. அப்பா உப்பு வாரிய பக்கம் இப்போது கன்வேயர் பெல்ட்டுகள் போகின்றன.

இத்தனை கரண்டு பக்கத்திலேயே விளைந்தும், 2008 முதல் தமிழ்நாடு இருட்டில் தவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பெரிய ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே மாவட்டங்களில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்டு போனது. ஃபர்னஸில் இரும்பு பாதி உருகிய நிலையில் கரண்டு போனால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவன்தான் அறிவான். அந்த 2012 அக்டோபரில்தான் தமிழக அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2015-க்குள் 3000 மெகாவாட் என்று இலக்கு. மறு வருஷம் வீட்டு மாடியில் ஒரு கிலோவாட் போடுகிறவருக்கு மத்திய மானியத்தோடு மாநிலம் 20,000 ரூபாய் சேர்த்துத் தந்தது. நான் பயிற்சிக்குப் போனதற்கு இதுவே காரணம். ஷிப்டு முடிந்த பிறகு பக்கத்து வேலை கிடைக்குமே.

எங்கள் பகுதி ஏழை வீடுகளுக்குப் பேனல் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. 2011-12-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரியசக்திப் பசுமை வீடுகள் திட்டத்தில் வருஷத்துக்கு 60,000 வீடு என்று ஐந்து வருஷத்தில் மூன்று லட்சம் வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். 300 சதுர அடி. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிவறை, தாழ்வாரம் ஆகியவற்றுக்குத் தலா ஒரு 11 வாட் சி.எஃப்.எல். விளக்கு. எளாவூர் தாண்டி ஒரு கிராமத்தில் அப்படியொரு வீட்டுப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "இன்னா தம்பி, லைட்டு கண்ண மூடிக்கிச்சி" என்றார். போய்ப் பார்த்தேன். பேனல் மேலே பத்திரமாக இருந்தது. கன்ட்ரோலர் பெட்டியைத் தாண்டி பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் டேபிள் ஃபேனுக்குப் போனது. மகன் கைவேலை. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே வடியாமல் அறுத்துவிடுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அதைத் தாண்டினால் விடிய விடியக் காற்று வரும், பேட்டரியின் ஆயுசும் அதோடு போகும். மூடியைத் திறந்தால் உள்ளே நீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தன. "டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினீங்களா பெரியம்மா?" "அது இன்னா தண்ணிப்பா? நாங்க குடிக்கிற தண்ணி ரெண்டு வாட்டி ஊத்தினோம்." எங்கள் பகுதிப் போர்வெல் நீர் பேட்டரிக்குள் போனால் பிறகு சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் பேட்டரி ஈய விலைக்குக் காயலான் கடைக்குப் போனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அளத்தில் நாக்கு அளவெடுக்கப் பழக ஐந்து வருஷம் ஆகும், களத்தில் நெல்லின் பதம் கைக்கு வர இரண்டு பருவம் ஆகும் என்று தெரிந்த மக்கள் இவர்கள். பேனலை மட்டும் மாட்டிவிட்டு ஒரே நாளில் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டோம். போனவர்களில் நானும் ஒருவன்.

பயிற்சியில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்றுண்டு. கத்திரி வெயிலில்தான் பேனல் அள்ளிக் கொட்டும் என்று நினைத்திருந்தேன். பேனலுக்குச் சூடு ஆகாது. அதன் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் வாட், செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது தருவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். மே மாதத்து மாடியில் செல் 65 டிகிரிக்குப் போகும். நாற்பது டிகிரி கூடினால் பதினாறு சதவீதம் போச்சு. என் வீட்டு மீட்டரைப் பல வருஷம் எழுதி வைத்திருக்கிறேன், பிப்ரவரி, மார்ச்தான் எனக்கு நல்ல மாதங்கள். உப்புக்கும் நெல்லுக்கும் கருவாட்டுக்கும் வேண்டியது சூடு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், அதுவும் கொஞ்சம் காற்றோட்டத்தோடு. தரையோடு ஒட்டி மாட்டாதீர்கள், அடியில் காற்று போக இடம் விடுங்கள் என்று சொல்வது இதனால்தான். நிழலும் அப்படி. அண்டாவின் மேல் கொஞ்சம் நிழல் விழுந்தால் கொஞ்சம்தான் சூடு குறையும். பேனலில் செல்கள் சங்கிலிபோலக் கோத்திருப்பதால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே மொத்த வரத்தும் சரியும். அம்மா அண்டாவை நகர்த்தினாள். பேனலை நகர்த்த முடியாது, மாட்டுவதற்கு முன் ஒருநாள் முழுக்க மாடியில் நின்று நிழலைப் பார்க்க வேண்டும். தெற்கு முகம், பதின்மூன்று டிகிரி சாய்வு. அது நம் ஊரின் அட்சரேகை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதியில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. மழை விட்டு வெயில் வந்த பிறகு பக்கத்துத் தெருக்காரர் கோபமாக வந்தார். "அண்ணே, மூணு கிலோவாட் போட்டுக் குடுத்தீங்க, நல்ல வெயில் அடிக்குது, வீட்ல ஒரு பல்பு எரியல, ஏமாத்திட்டீங்களா?" ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் லைனில் கரண்டு இருந்தால்தான் ஓடும். லைன் செத்தால் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியைக் கட்டும் லைன்மேன் நம் வீட்டுக் கரண்டில் சாவார். விளக்கியதும் அவர் அமைதியானார். மாட்டும்போதே சொல்லியிருக்க வேண்டியதை வெள்ளம் வந்த பிறகு சொன்னேன்.

2024 பிப்ரவரியில் பிரதமர் சூர்ய கர் திட்டம் வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்களிடம் முதலில் மின்கட்டண அட்டையைத்தான் கேட்கிறேன். தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். நூற்றைம்பது யூனிட் ஓட்டும் வீட்டுக்கு நான் பேனல் போடச் சொல்வதில்லை, அந்தப் பணத்தில் பெண்ணைப் படிக்கவைக்கலாம். ஏ.சி. போட்டு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குக் கட்டணப் படியே மாறிவிடுகிறது, அங்கே போடச் சொல்கிறேன். கூடவே ஒரு ஏணி, ஒரு ஹோஸ் பைப், ஒரு மெல்லிய துணி வாங்கச் சொல்கிறேன். தொழிற்பேட்டை ஊரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன் துடைக்க வேண்டும். பனியும் தூசியும் சேர்ந்து கண்ணாடியில் சிமெண்ட் மாதிரி இறுகும். என் துணி ஒவ்வொரு முறையும் கறுப்பாகத்தான் வருகிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஏதாவது பசுமை வீட்டின் மேல் பத்து வருஷத்துப் பேனல் சும்மா கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் செத்தது பேட்டரி, பேனல் இல்லை. துடைத்து, வெயிலில் வைத்து, ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கான பேனல் என்றால் இருபது வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் அதற்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது. புது பேட்டரி போடும்போது, டிஸ்டில்டு வாட்டர் எங்கே ஊற்றுவது, எப்போது ஊற்றுவது என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒருமுறை செய்து காட்டிவிட்டு இறங்குங்கள்.